சுக்கானுக்குள் நல்ல தண்ணீர்

"அக்கா, உந்தத் தண்ணியை நக்கப் போறியளே?"

லியோன் கேட்டு முடிப்பதற்குள் தாரிகா நக்கிவிட்டாள்.

மயிலிட்டித் துறைமுகத்தில் காலை ஒன்பது மணி. இரண்டு பழைய லொறி ரயர்களின் மேல், படகைத் திசை திருப்புகிற சுக்கான் ஒன்று படுத்துக் கிடந்தது. ஆள் உயரம், ஒன்றரை முழ அகலம், புது வெள்ளைப் பெயின்ற். அதன் மேல் விளிம்பிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் துளித் துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் தாரிகா சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்திருந்தாள். சுக்கானைப் பறிகொடுத்த பாய்ப்படகு 'ஸ்ரெல்லா', முப்பது அடி தள்ளிக் கரையோடு கட்டப்பட்டு, வாலில்லாத மாடு போல அங்கும் இங்கும் ஆடிக்கொண்டிருந்தது.

தாரிகாவுக்கு முப்பத்தொன்பது வயது. அச்சுவேலியில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பெண். பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக, மோதிய வாகனங்களையும் எரிந்த கடைகளையும் போய்ப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவள். அதே வேலையைத் தன் பெயரிலேயே செய்யலாமே என்று தோன்றிய நாளில், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் சைக்கிள் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் வாங்கிப் போட்டாள். இரண்டாவது கதிரை லியோனுடையது. குருநகர் ஆள். ஒன்பது வருடம் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். வாய் நின்றால் பஸ்ஸும் நின்றுவிடும் என்ற பயத்திலேயே பழகிப்போன வாய் அவனுக்கு.

"என்ன ருசி?" என்றான்.

"பொறு."

அவர்களைக் கூப்பிட்டிருந்த ஜெனிற்றா கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இரவு முழுக்க நித்திரை இல்லாத கண்கள். குருநகரில் பைபர் படகுகள் திருத்துகிற கொட்டில் அவளுடையது. ஐந்து பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்களின் இருபத்தாறு படகுகளை யாரிடம் திருத்தக் கொடுப்பது என்று அன்று பின்னேரம் நாலு மணிக்குச் சங்கத்தின் நிர்வாகக் குழு முடிவெடுக்க இருந்தது. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் அந்த வேலை ஜெனிற்றாவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் பின்னேரம் கிறிஸ்துநாயகம் ஒரு வீடியோ போட்டார்.

'ஸ்ரெல்லா' அவருடையது. முப்பது வருடம் கப்பலில் எஞ்சினியர், இப்போது வயது அறுபத்தெட்டு. நாற்பது வருடப் பழைய படகை வாங்கி, இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிவரப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். படகில் பெரிய பழுது சுக்கான்தான். இரண்டு பைபர் தோல், நடுவில் நுரை. வருடக்கணக்காகக் கடல் தண்ணீர் உள்ளே ஊறி அந்த நுரை களியாகிவிட்டிருந்தது. ஜெனிற்றா ஒரு பக்கத் தோலை வெட்டித் திறந்து, பழுதான நுரையைச் சுரண்டி எறிந்து, நன்றாகக் காயவிட்டு, புது நுரை வைத்து, கண்ணாடிநார்த் துணியும் றெசினும் போட்டு மூடிக் கொடுத்தாள். நேற்றுக் காலை முதல் ஓட்டம். பின்னேரம் கடைசிப் பெயின்ற் அடிப்பதற்காகச் சுக்கானைக் கழற்றிப் படுக்க வைத்தபோது தண்ணீர் ஒழுகியது. கிறிஸ்துநாயகம் அதைப் படம் பிடித்து, 'இதுதான் குருநகர்த் திருத்து வேலை' என்று படகுக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சங்கத்து நிர்வாகக் குழு முழுவதும் அந்தக் குழுவில்தான் இருந்தது.

"ஈரத்தை உள்ளை வைச்சு மூடிப்போட்டு, மேலை வடிவாய்ப் பெயின்ற் அடிச்சுத் தந்திட்டுது இந்தப் பிள்ளை," என்றார் அவர், தொப்பியைக் கழற்றி விசிறியபடி. "இதைக் கண்டுபிடிக்கிறதுக்குத் துப்பறியிற ஆக்கள் தேவையே?"

"ஐயா, நீங்களும் ஒருக்கால் நக்கிப் பாருங்கோ," என்றாள் தாரிகா.

"என்ன?"

"சுண்டுவிரல் காணும்."

அவர் லியோனைப் பார்த்தார். "பயப்பிடாதேங்கோ அங்கிள், நக்கினவ இன்னும் நிக்கிறாதானே," என்றான் லியோன்.

கிறிஸ்துநாயகம் தொட்டு நக்கினார். முகம் மாறியது. இன்னொரு தடவை நக்கினார்.

"உப்பில்லை," என்றார் மெல்ல.

"இல்லை. நல்ல தண்ணி. இந்தச் சுக்கான் முதல் எங்கை பழுதானது?"

"கடலிலை."

"அப்ப ஜெனிற்றா பழைய ஈரத்தை வைச்சு மூடியிருந்தால் உள்ளுக்கை நிக்கிறது கடல் தண்ணி. ஒழுங்காய் மூடாமல் நேற்று உள்ளை போயிருந்தாலும் அதுவும் கடல் தண்ணிதான். இரண்டிலை எது நடந்திருந்தாலும் உப்புக் கரிக்க வேணும். உப்பு எங்கை, ஐயா?"

"மழைத் தண்ணி..."

"மழையோ?" லியோன் அண்ணாந்து பார்த்தான். "தைப்பொங்கலுக்குப் பிறகு வானம் ஒரு தும்மல்கூடத் தும்மேல்லை, அங்கிள்."

ஜெனிற்றா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். அவளுடைய முகத்தில் அன்று முதல் தடவையாக இரத்தம் ஓடியது. சுக்கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, மேல் விளிம்பில் விரல் நுனியால் தடவிக்கொண்டே போனாள். பிடி பொருத்துகிற இரும்புக்குக் கீழே விரல் நின்றது.

"இது என்ரை வேலை இல்லை."

ஒரு சின்ன ஓட்டை. பென்சில் தடிப்பு. அதை வெள்ளை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். வெயிலில் மெழுகு இளகி ஒரு பக்கம் விலகிப் போனதால்தான் தண்ணீர் வெளியே வந்திருந்தது. மிச்ச மெழுகை நகத்தால் கிளறி எடுத்துவிட்டு ஜெனிற்றா ஒரு கம்பியை உள்ளே விட்டாள். நேராக, ஒரு சாண் ஆழத்துக்குப் போய் முட்டியது.

"நேற்று உது என்ரை கண்ணிலை படேல்லையே," என்றார் கிறிஸ்துநாயகம்.

"மெழுகும் வெள்ளை, பெயின்றும் வெள்ளை. எனக்குமே கண்ணுக்குத் தெரியேல்லை. விரலுக்குத்தான் தெரிஞ்சது. அழுகின நுரைத் தண்ணி எண்டால் கூழ்முட்டை மணம் அடிக்கும், அங்கிள். இதிலை ஒரு மணமும் இல்லை."

தாரிகா ஓட்டையைச் சுற்றி உற்றுப் பார்த்தாள். பசை ஒட்டிப் பிரிந்த அடையாளம் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு.

"சிலுவை போட்டிருக்கினம்," என்றான் லியோன். "சுக்கானுக்குச் செத்தவீடு நடத்தியிருக்கினம் போல."

"ட்றில் வழுக்காமல் இருக்க முதல் பசை ரேப் ஒட்டிப்போட்டு ஓட்டை போட்டிருக்கு. கை பழகின ஆள்." தாரிகா தன் கைக்குட்டையை, அந்த வெள்ளை லேஞ்சியை, விரித்து ஓட்டையின் வாயில் வைத்தாள். இரண்டு பேர் சுக்கானின் அடிப்பக்கத்தைத் தூக்க, மிச்சமிருந்த தண்ணீர் லேஞ்சியில் இறங்கியது. ஒரு தேத்தண்ணிக் குவளை அளவுகூட இல்லை. பங்குனி வெயில் லேஞ்சியை ஐந்து நிமிடத்தில் காய வைத்தது. துணியில் பழுப்பாக, நெருநெருவென்று ஏதோ மிஞ்சியது.

"மண்," என்றாள் தாரிகா.

கிறிஸ்துநாயகம் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். "அப்ப உதை ஆர் செய்தது?"

"நாலு மணிக்குள்ளை சொல்லுறன். சொன்னால் நீங்கள் கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் முன்னாலை உங்கடை வாயாலை சொல்ல வேணும்."

"சொல்லுறன். நான் பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுற ஆள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் ஒண்டு. என்ரை மனுசிக்கு உந்தச் சங்கதி போகக்கூடாது. அவவுக்கு நான் கடலுக்குப் போறதே பயம். சுக்கானிலை பழுதெண்டு கேள்விப்பட்டால் படகிலை ஏற விடமாட்டா."

*

"எனக்கு ஆளைத் தெரியும்," என்றான் லியோன், மோட்டச்சைக்கிளை உதைத்து எழுப்பியபடி. "ஜெனிற்றாவை விட்டால் இந்த வேலைக்கு விண்ணப்பிச்சது ஒரே ஒராள். சுபாஸ். பட்டறை எங்கை? அச்சுவேலியிலை. அச்சுவேலியிலை என்ன மண்?"

"செம்மண்."

"அவ்வளவுதான். நான் நெடுகச் சொல்லுறனான், இந்தத் தொழிலுக்கு மூளை தேவையில்லை, பெற்றோல் காணும்."

வசாவிளான் தாண்டி அச்சுவேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. சுபாஸின் பட்டறை வாசலில் பைபரில் வார்த்த ஆறு குதிரைகள் வரிசையாக நின்றன. ஏதோ ஒரு கோயில் தேருக்குச் செய்தவை. இன்னும் கண் எழுதப்படவில்லை.

"சாட்சிகளெல்லாம் குருடு, அக்கா," என்றான் லியோன்.

சுபாஸ் ஐம்பது வயதுக்காரர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். வந்த காரியத்தைக் கேட்டதும் கோபப்படுவார் என்று தாரிகா எதிர்பார்த்தாள். அவரோ கதிரையில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வீடியோவை நானும் பாத்தனான், தங்கச்சி. பாத்தோண்ண சந்தோசமாய்த்தான் இருந்தது. பொய் சொல்லுவானேன்? ஆனால் அதைச் செய்யிறதுக்கு எனக்கு நேரம் எங்கை? ஆறு குதிரைக்கும் வாற கிழமைக்குள்ளை கண் எழுதிக் குடுக்க வேணும். சரி, அந்த ஓட்டையின்ரை படம் இருந்தால் காட்டுங்கோ."

தாரிகா போனை நீட்டினாள். சுபாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிரிப்பு நின்றது. தொழில்காரனின் கண் வந்துவிட்டது.

"சுக்கான் தொங்கேக்கை இந்த இடம் கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரத்திலை நிக்கும்?"

"ஒண்டரை அடி மேலை எண்டு ஜெனிற்றா சொன்னவ."

"அப்ப கேளுங்கோ. நான் ஒரு சுக்கானைக் கெடுக்கப் போறனெண்டால் எங்கை ஓட்டை போடுவன்? கீழை. தண்ணிக்குள்ளை, ஆரும் பாக்காத இடத்திலை, ஊசி நுனியளவு ஒண்டு. மிச்ச வேலை எல்லாத்தையும் கடல் பாத்துக்கொள்ளும். இந்த ஆள் மேலை போட்டிருக்கு. போட்டிட்டு மெழுகு வைச்சு அடைச்சும் இருக்கு. கடல் தண்ணி ஒரு துளிகூட உள்ளை போகக்கூடாதெண்டு கவனமெடுத்துச் செய்த வேலை இது. கெடுக்க வந்தவன் உப்பிடிக் கவனமெடுப்பானோ?"

லியோன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பிறகு இந்தப் பசை அடையாளம்," என்று தொடர்ந்தார் சுபாஸ். "நாங்கள் ஒட்டுறது இரண்டு விரல் அகலக் கடதாசி ரேப். இது ஒடுக்கமாய் இருக்கு. ஆசுப்பத்திரியிலை புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்ரர் மாதிரி."

தாரிகா வெளியே வந்தாள். பட்டறை முற்றத்தில் ஒரு சிட்டிகை மண் எடுத்து, போத்தல் தண்ணீரில் நனைத்து, லேஞ்சியின் இன்னொரு மூலையில் தேய்த்தாள். துணி சிவந்தது. அவள் சின்ன வயதிலிருந்து மிதித்து வளர்ந்த மண் அது. வெள்ளைச் சட்டையில் பட்டால் பத்துத் தரம் தோய்த்தாலும் போகாது. காலையில் எடுத்த மண் அப்படி ஒட்டவில்லை. மங்கிய பழுப்பு, மணல் கலந்தது, உதறினால் கொட்டியது.

"இது எங்கடை ஊர் மண் இல்லை, லியோன். வலிகாமத்து மண்ணே இல்லை."

"அப்ப என்ரை பெற்றோல் வீண்."

"வீணில்லை. ஒராள் உள்ளை நல்ல தண்ணி விடுறார். அதோடை மண்ணும் விடுறார். ஆனால் கடல் தண்ணி உள்ளை போகக்கூடாதெண்டு மூடியும் விடுறார். சுக்கான் பழுதாகவும் கூடாது, உள்ளுக்கை இது இருக்கவும் வேணும். ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? உப்பிடி விசர்வேலை பாக்கிற ஆள் எனக்குத் தெரிஞ்சு எங்கடை அம்மாதான். நான் முதன்முதல் மோட்டச்சைக்கிள் எடுத்தோண்ண, எனக்குத் தெரியாமல் சீற்றைக் கிழிச்சு, உள்ளுக்கை மண் பொட்டலம் வைச்சுத் தைச்சுப் போட்டா. மூண்டு வருஷமாய் ஒரு பக்கம் சரிஞ்சு இருந்துதான் ஓடினனான். பாக்கிற சனமெல்லாம் இடுப்பிலை வருத்தமோ எண்டு கேக்கும்."

தாரிகா திரும்பினாள். "என்ன மண்?"

"மடு மண். மடு மாதா கோயில் மண். பாம்பு கடிக்காது, விபத்து வராது எண்டு எங்கடை சனம் கொண்டுவந்து..."

அவன் நிறுத்தினான். தாரிகா லேஞ்சியை அவனுடைய மூக்குக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தாள்.

லியோன் அந்த மண்ணை இரண்டு விரலால் எடுத்து உரசினான். மெதுவாக நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

"அக்கா," என்றான் பிறகு, "நீங்கள் காலமை நக்கினது தீர்த்தம்."

*

ஜெனிற்றா போனை எடுத்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. அவளுடைய கொட்டிலிலிருந்து சுக்கான் சனிக்கிழமை புறப்பட்டதாம். மயிலிட்டிக்குப் போனது திங்கட்கிழமை. நடுவில் இரண்டு நாள் அது கிடந்தது பாசையூரில், கிறிஸ்துநாயகத்தின் வீட்டு விறாந்தையில்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி அற்புதராணி. அறுபத்துநாலு வயது, நரைத்த தலையை இறுக்கிக் கட்டிய கொண்டை, நேரான முதுகு. 'உங்கடை மனுசன்ரை படகு விசயமாய்' என்று சொன்னதும் முகம் வெளுத்தது.

"அவருக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை, அன்ரி. நல்லாய் நிக்கிறார். தொப்பியைக் கழட்டிக் கழட்டிப் போடுறார்."

"அப்ப யோசிச்சுக்கொண்டு நிக்கிறார்," என்றார் அவர், மூச்சு விட்டபடி. "இருங்கோ, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்."

குசினியில் கேத்தல் சத்தம் கேட்டது. தாரிகா சுவரைப் பார்த்தாள். மாதா படம், கலியாணப் படம், அதற்குப் பக்கத்தில் ஒரு பிரிவுபசாரப் படம். பச்சை அங்கி போட்ட எட்டுப் பேர். நடுவில் நின்ற டொக்டர், பகிடிக்காகவோ என்னவோ, ஒரு ட்றில்லைச் சுடுகிற துவக்கு மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், மாலை போட்டபடி, அற்புதராணி. கீழே எழுதியிருந்தது: 'எலும்புச் சத்திரசிகிச்சைக் கூடம், முப்பத்தொரு வருட சேவை.'

லியோன் அதை வாசித்தான். தாரிகாவைப் பார்த்தான். "கை பழகின ஆள்," என்றான் மெல்லிய குரலில்.

தேத்தண்ணியும் விசுக்கோத்தும் வந்தன. தாரிகா ஒரு வாய் குடித்துவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டாள்:

"சுக்கானுக்கு எத்தினை ஊசி போட்டனீங்கள், அன்ரி?"

அற்புதராணியின் கையில் தட்டு ஒரு கணம் நின்றது. பிறகு அதை மேசையில் வைத்து, எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று தாரிகா நினைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு," என்றார். "இருவது மில்லிப்படி. அதுக்கு மேலை உள்ளை போகேல்லை. அந்தப் பிள்ளை நுரையை அவ்வளவு இறுக்கமாய் வைச்சிருக்கு."

"ஏன், அன்ரி?"

சிரிப்பு மெல்ல வடிந்தது.

"முப்பது வருஷம் அந்த மனுசன் கப்பலிலை. வருஷத்துக்கு ஒரு மாசந்தான் வீட்டிலை. காத்தடிச்சால் எனக்கு நித்திரை இல்லை. ஓய்வெடுத்து வந்திட்டார், இனிப் பயமில்லை எண்டு இருந்தன். அறுபத்தெட்டு வயசிலை திரும்பவும் கடல். கெஞ்சிப் பாத்தன், கேக்கேல்லை. மறிக்கவும் மனமில்லை. பாய் தைக்கேக்கை அவரின்ரை முகத்தை நீங்கள் பாக்க வேணும், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி. போன மாசம் கோயில் பஸ்ஸிலை மடுவுக்குப் போனனான். மண் கொஞ்சமும், சுவாமியார் ஆசீர்வதிச்ச தண்ணி ஒரு போத்தலும் கொண்டந்தன். அவருக்குக் காட்டினால் பகிடி பண்ணுவார். படகிலை வைச்சால் எடுத்து எறிஞ்சு போடுவார். சுக்கானுக்குள்ளை எண்டால் ஆர் எடுக்கிறது?"

"ஓட்டை போடப் பயமாய் இருக்கேல்லையோ?"

"எலும்பைவிட அது மெத்தெண்டு இருந்தது, பிள்ளை. பிளாஸ்ரர் ஒட்டி, நேராய்ப் பிடிச்சு விட்டன். சுக்கானுக்கு ஒரு பாதகமும் வரக்கூடாதெண்டு மேலைதான் போட்டனான். மெழுகும் வைச்சனான். பிழைச்சுப் போச்சே? அவர் நேற்று வந்து எல்லாம் திறமாய்ப் போச்சுதெண்டெல்லே சொன்னவர்!"

தாரிகா சொன்னாள். தண்ணீர் ஒழுகியதை, வீடியோவை, ஜெனிற்றாவை, நாலு மணிக் கூட்டத்தை. சொல்லச் சொல்ல அற்புதராணியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"எனக்குப் பயம் வரக்கூடாதெண்டு மறைச்சிருக்கிறார்," என்றார் கடைசியில். "நான் அவரின்ரை பகிடிக்குப் பயந்து மறைச்சன். நடுவிலை ஒரு பிள்ளையின்ரை சோத்திலை மண் போட்டிட்டம்." எழும்பினார். "எத்தினை மணி?"

"மூண்டரை."

"சீலை மாத்திக்கொண்டு வாறன். தம்பி, ஓட்டோ ஒண்டு பிடியும். கெதியாய் ஓடுறவனாய்ப் பாத்துப் பிடியும்."

*

குருநகர்ச் சங்க மண்டபத்தில் பதினொரு பேர் கதிரைகளில் இருந்தார்கள். தலைவர் செபநாயகம் பேசத் தொடங்கிவிட்டார். ஜெனிற்றா சுவரோரம் நின்றாள். கிறிஸ்துநாயகம் கடைசி வரிசையில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தார். வாசலில் தாரிகா வருவாள் என்று எதிர்பார்த்தவர், தன் மனைவி வருவதைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார்.

"அற்புதம்? நீ ஏன் இஞ்சை?"

"இருங்கோ," என்றார் அற்புதராணி. கிறிஸ்துநாயகம் உட்கார்ந்தார்.

அற்புதராணி மண்டபத்தின் நடுவுக்குப் போய், நோயாளியின் நிலைமையை டொக்டருக்குச் சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ட்றில், பிளாஸ்ரர், மடு மண், மூன்று ஊசி, மெழுகு. 'இருவது மில்லிப்படி' என்ற இடத்தில் யாரோ ஒருவர் இருமினார். அது இருமல் அல்ல. பிறகு ஒருவர், இருவர், கடைசியில் செபநாயகமே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்துநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் ஒரு எஞ்சினியர்," என்றார். "முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் ஓட்டினவன். ஒரு ஓட்டையைத் தடவிப் பாக்காமல் ஒரு பிள்ளையின்ரை பேரைக் கெடுத்துப் போட்டன். அந்த வீடியோவை இப்ப அழிக்கிறன். அழிச்சது ஏனெண்டும் எழுதுறன். ஜெனிற்றா, என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

ஜெனிற்றா தலையை அசைத்தாள். ஆனால் செபநாயகத்திடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"எல்லாம் சரி. கதை நல்லாய் இருக்கு. ஆனால் இருவத்தாறு குடும்பம் ஏறிப் போற படகுகள். சுக்கானுக்குள்ளை வேறை ஈரம் இல்லையெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தாரிகா ஜெனிற்றாவைப் பார்த்தாள். ஜெனிற்றா சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"வெளியிலை வாங்கோ," என்றாள்.

மத்தியானமே அவள் சுக்கானை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்து மீன் சந்தையில் பெரிய தராசு தொங்கியது. நாலு பேர் சேர்ந்து சுக்கானை அதில் கட்டித் தூக்கினார்கள்.

"காயவிடேக்கை நாளாந்தம் இந்தத் தராசிலைதான் நிறுத்தனான். இறங்கிக்கொண்டே வந்தது. ஏழு நாள் ஒரே நிறையிலை நிண்டாப் பிறகுதான் மூடினனான். மூடி, பெயின்ற் அடிச்சு முடிஞ்சோண்ண கடைசியாய் நிறுத்ததை எழுதி, சந்தை முகாமையாளரிட்டையும் கையெழுத்து வாங்கினனான்." கொப்பியை விரித்துச் செபநாயகத்திடம் நீட்டினாள். "முப்பத்தெட்டுக் கிலோ நானூறு."

முள் ஆடியது. வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது. மீன்காரிகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முள் நின்றது.

முப்பத்தெட்டுக் கிலோ நானூறு.

செபநாயகம் முள்ளைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"எந்தப் படகிலை தொடங்கப் போறாய்?" என்று கேட்டார்.

ஜெனிற்றா அதுவரைக்கும் அழவில்லை. அப்போதுதான் திரும்பி நின்று, றெசின் காய்ந்த கைகளால் முகத்தைத் துடைத்தாள். லியோன் அவசரமாகத் தாரிகாவின் லேஞ்சியை எடுத்து நீட்டப் போனான். தாரிகா அவனுடைய கையைத் தட்டிவிட்டாள். "விசரா, அது சாட்சிப்பொருள்."

*

ஓட்டையை மூட மூன்று நாள் எடுத்தது. முதல் இரண்டு நாளும் ஜெனிற்றா அதற்குள் சூடான காற்று ஊதிக் காயவிட்டாள். மூன்றாம் நாள் றெசின் கலந்தாள். கிறிஸ்துநாயகம் வெயிலில் நின்று அவளுக்குக் குடை பிடித்தார். யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லவில்லை.

"அன்ரி, தண்ணி வேண்டாம்," என்றாள் ஜெனிற்றா. "மண்ணை மட்டும் தாங்கோ. காய்ஞ்ச மண்."

அற்புதராணி கணவரைப் பார்த்தார். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். "எனக்கென்ன," என்றார். "கொஞ்சம் கூடப் போட்டாலும் பரவாயில்லை."

ஒரு சிட்டிகை மடு மண் றெசினோடு கலந்து ஓட்டைக்குள் போனது. மேலே இரண்டு அடுக்குத் துணி. இறுகிய பிறகு சுக்கானைத் தட்டினால் கருங்கல் மாதிரிச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காலை எட்டு மணிக்கு 'ஸ்ரெல்லா' மயிலிட்டியிலிருந்து பாய் விரித்தது. இந்தத் தடவை பருத்தித்துறை வரைக்கும் போய் வருகிற சின்ன ஓட்டம். கரையில் தாரிகாவும் லியோனும் ஜெனிற்றாவும் நின்று கை காட்டினார்கள். வழியனுப்ப வந்த அற்புதராணி, கயிற்றை அவிழ்க்கிற கடைசி நிமிடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறிவிட்டார். வீட்டில் இருந்து பயப்படுவதைவிடப் பக்கத்தில் இருந்து பயப்படுவது சுகம் என்றார்.

பதினொரு மணிக்கு ஜெனிற்றாவின் போன் அடித்தது. அவள் அப்போது குருநகர்க் கரையில், இருபத்தாறில் முதலாவது படகின் கீழே படுத்திருந்தாள். பழுது பார்த்த இடங்களைப் படமெடுத்து வைக்கலாம் என்று தாரிகாவும் லியோனும் வந்திருந்தார்கள். ஜெனிற்றா கை துடைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போனைப் போட்டாள். காற்றிரைச்சல். அதற்கு நடுவில் கிறிஸ்துநாயகத்தின் குரல்.

"பிள்ளை, சுக்கான் எண்டால் இதுதான் சுக்கான்! ஒரு விரலாலை திருப்பலாம். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை."

"அப்பிடியெண்டால் ஏன் அங்கிள் குரல் ஒரு மாதிரி இருக்கு? ஏதும் பிரச்சினையே?"

"பிரச்சினைதான்," என்றார் அவர். பின்னால் ஒரு பெண் குரல், 'தலையைக் குனியுங்கோ, பாய் திரும்பப் போகுது' என்று அதட்டியது. "இரண்டு மணித்தியாலமாய்க் கேக்கிறன். சுக்கானை என்னட்டைத் தாறா இல்லை."